1 எம்எம் அலுமினியத் தகட்டுல எழுத்து வெட்டுனா ஓரமெல்லாம் நெளியுது, என்ன பண்றதுங்க?

போர்டுக்கடை கொழிஞ்சாம்பாறை:
வணக்கமுங்க. கேரளா பார்டர்ல பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைல சின்னதா ஒரு போர்டுக்கடை வெச்சிருக்கேன். இத்தன நாளா ஃப்ளெக்ஸும் ஸ்டிக்கரும்தான், இப்ப ஒரு மண்டபத்துக்காரரு அலுமினியத்துலயே எழுத்து வெட்டி செவுத்துல அடிச்சுக் குடுக்கச் சொல்லிட்டாரு, மேல மலையாளம் கீழ தமிழு, ஒவ்வொண்ணும் அரையடி ஒசரம், மொத்தம் 31 எழுத்து. நானும் யோசிக்காம சரின்னுட்டேன். கோயமுத்தூர்ல 8க்கு 4 அடி ஷீட் ஒண்ணு எடுத்து, சுருட்டிக் கட்டி வேலந்தாவளம் வழியா பஸ்ஸுலயே கொண்டாந்தாச்சு. டின் கட்டர்ல வெட்டுனா ஓரம் அப்பளமாட்டம் நெளியுதுங்க. மரம் அறுக்கற ஜிக்சால போட்டா தகடு தடதடன்னு குதிக்குது, பல்லு சந்துல பூரா அலுமினியம் அப்பிக்குது. தமிழ்லயாவது அங்கங்க நேர்கோடு வருது, மலையாள எழுத்து மொத்தமும் ஜிலேபிதான். ரெண்டு வாரத்துல குடுக்கணும். கிரைண்டர்ல ட்ரை பண்ணலாமுங்களா?

வெல்டிங் மாப்ள:
4 இஞ்ச் கிரைண்டர்ல 1 எம்எம் சன்ன வீலு போட்டு இழுங்க ப்ரோ, நான் இரும்பு கேட்டுக்கெல்லாம் அப்படித்தான் அறுக்கறேன்.

பட்டறைக்காரன் பொள்ளாச்சி:
மாப்ள, கேட்டு இரும்பு, இது அலுமினியம். இரும்பு அறுக்கற வீல்ல இத வெச்சா வீலு மூஞ்சில பூரா உருகி அப்பிக்கும், அப்புறம் அறுக்காது, தேச்சு சூடேத்தும், அமுக்குனா வீலு ஒடைஞ்சு மூஞ்சிக்கு வரும். அலுமினியத்துக்குன்னே தனி வீலு இருக்குது, இருந்தாலும் வளைவு எழுத்துக்கு கிரைண்டரு ஆகவே ஆகாது. இன்னொண்ணு, அலுமினியத் தூளும் துருத் தூளும் ஒண்ணா கெடக்கற எடத்துல நெருப்புப் பொறி பறக்க விடாதீங்க, ரயில் தண்டவாளம் ஒட்டறதுக்குப் போடற தெர்மைட் அந்த ரெண்டும் சேந்ததுதான்.

போர்டுக்கடை தம்பி, உங்க ஜிக்சாவே போதும். தகடு குதிக்கறதுதான் உங்க பிரச்சினையே, வெட்டறது இல்ல. 4 எம்எம் ப்ளைவுட் ரெண்டு துண்டு எடுத்து நடுவுல தகட்ட வெச்சு, எழுத்துக்கு வெளிய வேஸ்ட்டுல சுத்தியும் ஸ்க்ரூ போட்டு இறுக்கிருங்க. மேல் ப்ளைவுட்ல எழுத்த பிரிண்ட் எடுத்து ஒட்டிட்டு மூணையும் சேத்து அறுங்க, ஓரம் நெளிய எடமே இருக்காது. பிளேடு மரத்தோடது வேண்டாம், போஷ் கம்பெனில டி118ஏன்னு கேளுங்க, 1ல இருந்து 3 எம்எம் தகட்டுக்கு வர்றது. பிளேட முன்னபின்ன ஆட்டற பெண்டுலம் ஸ்விட்ச பூஜ்யத்துல வைங்க, வேகத்தக் கொறைங்க. அப்பிக்கறதுக்கு மருந்து மெழுகுவர்த்தி, சாணுக்கு ஒருக்கா பிளேடுல தேச்சுக்கங்க. சீமெண்ணெயும் அலுமினியத்துக்கு நல்லாத்தான் கேக்கும், ஆனா ப்ளைவுட்டும் பேப்பரும் இருக்கறப்ப ஊறிப்போய் நாறும்.

ஜிக்சா பிளேடு அகலம், ஜிலேபி வளைவுக்குள்ள திரும்பாது. திரும்பற எடத்துலெல்லாம் 8 எம்எம் ஓட்டை போட்டு வெச்சுக்கிட்டீங்கன்னா அதுக்குள்ள திருப்பிக்கலாம், உள் வட்டத்துக்கும் அப்படித்தான் எறங்கணும். அதுலயும் அடங்காத மூலைய நகை ஆசாரிங்க வெச்சிருக்கற சின்ன வில் ரம்பத்துல அறுக்கணும், பொறுமை வேணும் அவ்வளவுதான். ட்ரில் போடறப்ப துணி க்ளவுஸ் போடாதீங்க, சுத்திக்கிட்டு வெரலோட போயிரும், கண்ணாடி மட்டும் கட்டாயம். கடைசில பிசிறு எடுக்கற அரத்துல சாக்பீஸ் தேச்சுக்கங்க, அரம் அடைக்காது.

அப்புறம் ஷீட்ட யாராச்சும் சுருட்டுவாங்களா? சுருட்டுனது மறுக்கா முழுசா நேராகாது. கடைலயே ஷியரிங் மெஷின்ல ரெண்டா மூணா வெட்டித் தருவாங்க. 8க்கு 4ல 1 எம்எம்னா எட்டுக் கிலோதான வரும்.

போர்டுக்கடை கொழிஞ்சாம்பாறை:
ஐயோ சுருட்டுனது தப்பாங்ணா, அதான் நடுவுல வளைஞ்சே நிக்குது. தகடு ரொம்ப மெதுவாவும் இருக்கு, மூலைய வெரல்லயே மடக்கலாம். அதும் காரணமா? பாலக்காட்டுல அக்ரிலிக் வெட்டற லேசர் கடை ஒண்ணு தெரியும், அங்க குடுத்தரலாமான்னும் பாக்கறேன்.

லேசர் குறிச்சி:
அந்தக் கடை மெஷின் சிஓ2 லேசரா இருக்கும், அது அக்ரிலிக், மரத்துக்குத்தான். அலுமினியம் அந்த ஒளிய அப்படியே திருப்பி அடிச்சிரும், வெட்டாது. உங்களுக்கு ஃபைபர் லேசர் வேணும், நைட்ரஜன் கேஸ் விட்டு வெட்டுனா ஓரம் கருக்காம பளிச்சுனு வரும். கோவைல குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் ஜாப் ஒர்க் பண்றவங்க இருக்காங்க, 31 எழுத்துன்னா வெட்டறத விட மெஷின்ல ஏத்தி எறக்கத்தான் நேரம் ஆகும். கோரல் டிராவுல இருந்து வெட்டற மெஷினுக்கு டிஎக்ஸ்எஃப் ஃபைல் எடுக்கறப்ப எழுத்த கர்வா, அதாவது ஃபான்ட் இல்லாத வெறும் கோடா மாத்திருங்க, இல்லன்னா அங்க திறந்தா மலையாளமும் தமிழும் கட்டங்கட்டமா தெரியும். அளவு எம்எம்லதான் இருக்குதான்னும் பாருங்க, ஒரு ஆளு இஞ்சுல அனுப்பி வீட்டுக் கதவு சைஸுல ஒரு எழுத்து வந்துச்சு.

தகடு மெதுவா இருக்கறது ஓ டெம்பரா இருக்கும், டெம்பர்னா தகட்டோட கெட்டித்தன்மை, ஓன்னா ரொம்ப மெது. அடுத்த தடவ கெட்டியா, அலுமினிய ரகம் 1100ன்னா எச்14, இல்லன்னா 5052 எச்32ன்னு கேளுங்க. மெது தகடுதான் பல்லுல சூயிங்கம்மாட்டம் ஒட்டும்.

போர்டுக்கடை கொழிஞ்சாம்பாறை:
ரெண்டு நாள் ஆச்சு, வந்து சொல்லிடறேன். ப்ளைவுட்டுக்கு நடுவுல வெச்சு அறுத்துப் பாத்தனுங்க, தமிழ் பூராவும் அருமையா வந்துச்சு, மெழுகுவர்த்தி ஐடியாவுக்கு கோடி புண்ணியம். மலையாளத்துல நாலு எழுத்து அறுக்கறதுக்குள்ள மூணு பிளேடு காலி, மீதிய குறிச்சிக்கே அனுப்பறேன், அண்ணன் சொன்னாப்ல கர்வா மாத்திட்டேன். ஒரே ஒரு டவுட்டு, மெய்யெழுத்துப் புள்ளியெல்லாம் தனித்தனியா விழுகுதே, அத எப்படி உருண்டையா எடுக்கறதுங்ணா?

பட்டறைக்காரன் பொள்ளாச்சி:
வட்டமா அறுக்கற ஹோல் சாவ ட்ரில்லுல மாட்டிப் போடுங்க தம்பி, அடியில மரம் வெச்சு, தகட்ட கிளாம்ப்ல இறுக்கிட்டு. நடு ட்ரில்லு போட்ட ஓட்டை புள்ளியிலயே நிக்கும், செவுத்துல அடிக்கறப்ப அதுலயே ஸ்க்ரூ போட்டுக்கங்க. ஸ்க்ரூ மட்டும் துருப்பிடிக்காத எஸ்எஸ் ஸ்டீல்ல வாங்குங்க, இரும்பு போட்டா நம்மூரு மழைல ஒவ்வொரு புள்ளியும் செவுத்துல துரு ஒழுகி நிக்கும்.