கொருக்குப்பேட்டை ஏன் கிடைக்கவில்லை? கம்பொனென்ட் கட்டுகிறவர்களின் அனுபவப் பகிர்வு

பெரம்பூர் (ரியாக்ட்):

டிராப்டவுன், டயலாக், டேப் என்று ஏதாவது ஒரு கம்பொனென்டை (வலைப்பக்கத்தின் ஒரு பகுதியை) எழுதிக் கொடுத்துவிட்டு, அதைப் பார்வை இல்லாதவரோ கை சரியாக வராதவரோ பயன்படுத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? என்ன நடந்தது என்று எழுதுங்கள். பாடம் வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது. ஊர்ப் பெயரோடு, பக்கம் கட்டப் பயன்படுத்தும் கருவியையும் அடைப்புக்குறியில் போடலாம், என்னுடையது ரியாக்ட். நானே ஆரம்பிக்கிறேன்.

தண்ணி லாரி பதிவு செய்யும் தளம் ஒன்று. இடத்தின் பெயரைத் தட்டினால் கீழே பட்டியல் விரியும், அம்புக்குறியால் இறங்கி என்டர் தட்ட வேண்டும். முன்பு இருந்த குழு எழுதியது, பராமரிப்புக்கு என்னிடம் வந்தது. உள்ளே இருந்தது நல்ல லைப்ரரிதான். இது தட்டித் தேடும் பட்டியல், விரிந்திருக்கிறது, இந்த வரியில் நிற்கிறோம் என்று ஸ்கிரீன் ரீடருக்கு (திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) தெரிவிக்கும் ஏரியா அடையாளங்களான காம்போபாக்ஸ் ரோல், ஏரியா-எக்ஸ்பாண்டட், ஏரியா-ஆக்டிவ்டிசென்டன்ட் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. தானியங்கிச் சோதனையில் ஒரு சிவப்பு கிடையாது.

வியாசர்பாடியில் ஒரு பெரியவர். ஒரு காலத்தில் எஸ்டிடி பூத் வைத்திருந்தார், இப்போது அதே கடையில் ஜெராக்ஸும் ரீசார்ஜும். பார்வை கிடையாது. என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரில் இஸ்பீக் தமிழ்க் குரலை வைத்திருக்கிறார். பழக்கம் இல்லாத காதுக்கு அந்தக் குரல் லேசில் பிடிபடாது. அவரோ அதை முழு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறார். தெருவில் பாதிப் பேருக்கு அவர்தான் லாரி பதிவு செய்து கொடுக்கிறவர்.

"தம்பி, கொடுங்கையூர் வரல, கொளத்தூர் வரல, கொருக்குப்பேட்டையும் வரல. உங்க லாரி அங்கல்லாம் போவாதா? போவாதுன்னாவது சொல்லுதா பாரு, கம்முனு கீது" என்றார்.

இதில் இரண்டு கோளாறுகள். முதலாவது 'கொ'. யூனிகோடில் 'ொ' என்பதை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பெரியவர் தமிழ்த் தட்டச்சு லோயர் பாஸ் செய்தவர், விரல் பழகிய அந்தப் பழைய வரிசையைத்தான் கணினியிலும் போட்டிருக்கிறார். அது கொம்பையும் காலையும் தனித்தனியாக அனுப்புகிறது. எங்கள் பட்டியலில் இருந்தவை ஒற்றைக் குறிகள். 'வியாசர்பாடி' வரும், 'பேசின் பிரிட்ஜ்' வரும், 'கொ'வில் ஆரம்பிக்கிற எதுவும் வராது. மொபைலில் தட்டிய அவர் மகனுக்கு எல்லாம் கிடைத்ததால், கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். தட்டுகிற சொல், பட்டியல் இரண்டையும் ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் (எழுத்துக் குறிகளை ஒரே மாதிரி ஆக்கும் கட்டளை) வழியாக, ஒற்றைக் குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். கொருக்குப்பேட்டை வந்தது.

இரண்டாவது, அந்த 'கம்முனு கீது'. 'இடம் கிடைக்கவில்லை' என்ற வரி திரையில் வரத்தான் செய்தது. ஆனால் உள்ளே மாறுவதைப் பேசச் சொல்லும் ஏரியா-லைவ் போட்ட டிவ்வையே (பெட்டியையே) நிபந்தனை வைத்து, முடிவு இல்லாதபோது மட்டும் ரியாக்ட் உருவாக்கும்படி எழுதியிருந்தார்கள். ஸ்கிரீன் ரீடர் ஏற்கெனவே பக்கத்தில் இருக்கிற பெட்டிக்குள் எழுத்து மாறுவதைத்தான் கவனிக்கும். பெட்டியும் எழுத்தும் ஒரே நேரத்தில் வந்தால் பல சமயம் பேசாது. காலிப் பெட்டி ஒன்றைப் பக்கம் திறக்கும்போதே வைத்துவிட்டு, உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் மாற்றும்படி செய்தேன். ஒவ்வொரு விசைக்கும் கத்தாமல் இருக்க ஒரு சின்னத் தாமதமும் சேர்த்தேன்.

லைப்ரரியைக் குறை சொல்ல மாட்டேன். விசைப்பலகையில் எந்த விசைக்கு என்ன நடக்க வேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்கிறது. 'கொ' எத்தனை குறி என்பது அதன் கவலை இல்லை, நம் கவலை.

காசிமேடு:

எங்கள் பெரியம்மா துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். யார் எவ்வளவு பாக்கி என்று குறித்துவைக்க உறவுக்காரப் பையன் ஒரு சின்ன வெப் ஆப் செய்து கொடுத்தான். பேர்களை விரலால் இழுத்து மேலும் கீழும் மாற்றலாம், பார்க்க ஜோராக இருக்கும். பெரியம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு இழுத்துப் பார்த்தார். "இன்னாடா இது, விலாங்கு மாரி வழுக்குது" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 (எல்லாரும் வலைத்தளத்தை அணுகுவதற்கான விதிமுறை) இதைத்தான் கேட்கிறது: இழுத்துச் செய்யும் எதற்கும் இழுக்காமல் செய்ய ஒரு வழி இருக்க வேண்டும். 'மேலே', 'கீழே' என்று இரண்டு பட்டன் வைத்தோம். அதே பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24 பிக்சல் நீள அகலம் இருக்க வேண்டும் என்கிறது. 24 பெரியம்மா விரலுக்குப் போதாது. 48 வைத்தோம்.

இங்கே ஒரு பொறி. பட்டியலில் ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டும் 'கீ'யாக இன்டெக்ஸை (வரிசை எண்ணை) போட்டால், 'மேலே' அழுத்தியதும் பேர் நகரும், ஃபோகஸ் (கீபோர்டு நிற்கும் இடம்) பழைய வரிசையிலேயே நிற்கும். கீபோர்டில் அடுத்த தடவை அழுத்தினால் வேறு ஆள் மேலே போவார். பாக்கிக் கணக்கில் இது சண்டையில் முடியும். ஒவ்வொரு பேருக்கும் நிலையான ஐடி கொடுங்கள்.

திருவொற்றியூர் (ஆங்குலர்):

டோல்கேட் பக்கம் கணக்கு எழுதும் ஒரு அக்கா. விபத்துக்குப் பிறகு வலது கை வராது. இடது கையில் மவுஸும் கீபோர்டும் மாறி மாறிப் பிடிப்பதைவிட கீபோர்டிலேயே எல்லாம் முடிப்பது அவருக்குச் சுலபம், அதில் எங்களைவிட வேகம். பில் பட்டியலில் ஒரு வரியை அழிக்கப் போனால் 'நிச்சயமா?' என்று டயலாக் வரும். ஃபோகஸ் டயலாக்கை விட்டு வெளியே போகாமல் ஆங்குலர் சிடிகே (ஆங்குலருக்கான துணை லைப்ரரி) பிடித்து வைத்திருந்தது. எஸ்கேப் தட்டினால் மூடியது, திறந்த பட்டனுக்கே திரும்பியது. எல்லாம் சரி. 'ஆம்' என்றால் மட்டும் ஃபோகஸ் பக்கத்தின் தலைக்குப் போய்விடும்.

காரணம் எளிது. டயலாக்கைத் திறந்த பட்டன் அழித்த வரியில் இருந்தது, வரியோடு அதுவும் போய்விட்டது. திரும்பிப் போக இடம் இல்லை. "ஏம்பா, ஒண்ணொண்ணு அழிச்சதும் முதல்ல இருந்து டேப் அடிச்சுக்கினே வரணுமா?" என்று அக்கா கேட்டபோது யாரும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அடுத்த வரியின் அழி பட்டனுக்குப் போகிறது. அது இல்லையென்றால் முந்தைய வரி. பட்டியலே காலியானால் தலைப்புக்கு, அதற்கு டேப்இன்டெக்ஸ் மைனஸ் ஒன்று (நிரல் ஃபோகஸ் வைக்கலாம், டேப் விசை அங்கே நிற்காது). அழித்துவிட்டோம் என்பதை சிடிகேயின் லைவ்அனவுன்ஸர் ஸ்கிரீன் ரீடர் வழியாகச் சொல்கிறது. ஆங்குலர் இல்லாதவர்கள் வெறும் எச்டிஎம்எல் டயலாக் டேகை ஷோமோடல் என்ற கட்டளை கொண்டு திறந்தாலே போதும், 2022 மார்ச்சிலிருந்து எல்லாப் பெரிய பிரவுசர்களிலும் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன வேலையை அதுவும் செய்யாது.

புதுவண்ணாரப்பேட்டை:

நான் உங்கள் கதைகளில் வரும் 'பயனர்'. பிறவியிலேயே பார்வை இல்லை, டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். சில விஷயங்களைக் கொட்டிவிடுகிறேன்.

பட்டனில் 'பதிவு செய்' என்று தமிழில் இருக்கும். ஏரியா-லேபிளில் (ஸ்கிரீன் ரீடர் படிக்கும் பெயரில்) ஆங்கிலத்தில் 'சப்மிட் பட்டன்' என்று யாரோ எழுதியிருப்பார்கள். என் காதில் 'சப்மிட் பட்டன் பட்டன்' என்று விழும். பக்கத்தில் இருப்பவர் 'பதிவு செய்யை அழுத்துங்க' என்பார், நான் அதைத் தேடிக்கொண்டே இருப்பேன். பட்டனுக்குள் எழுத்து இருந்தால் ஏரியா-லேபிள் எதற்கு? எடுத்துவிடுங்கள். தப்பான ஏரியாவைவிட ஏரியா இல்லாமல் இருப்பதே மேல் என்று வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் வழிகாட்டியே சொல்கிறது.

அடுத்தது, தளத்தின் மேலே இருக்கும் சாதாரண இணைப்புகளுக்கு 'மெனு' ரோல் போடுவது. அந்த ரோலைப் பார்த்ததும் என்விடிஏ அதை டெஸ்க்டாப் மென்பொருளின் மெனுவாக எடுத்துக்கொள்ளும், உள்ளே போனதும் எச் தட்டித் தலைப்புக்குத் தாவும் பழக்கமெல்லாம் நின்றுவிடும். இணைப்புகள் இருக்கும் ஒரு பட்டியல், அதைச் சுற்றி நாவ் டேக். அவ்வளவு போதும்.

மூன்றாவது யாரும் பேசாதது. புது ப்ராஜெக்ட் உருவாக்கினால் வரும் இன்டெக்ஸ் கோப்பின் முதல் வரியில் மொழி ஆங்கிலம் என்றே இருக்கும், வீட் என்ற கருவி ஆனாலும் ஆங்குலர் ஆனாலும். தளம் முழுக்கத் தமிழ், அந்த ஒரு வரியை மாற்ற யாருக்கும் தோன்றாது. ஸ்கிரீன் ரீடர் அந்த அடையாளத்தை நம்பி ஆங்கிலக் குரலைப் போட்டால் தமிழ் வரிகள் என்ன பாடு படும் என்று கேட்டுப் பாருங்கள். எல்லாருக்கும் தெரிகிற எழுத்தில் பிழை இருந்தால் அரை மணியில் திருத்துவீர்கள், இது வருடக்கணக்கில் இருக்கும். முதலில் அதை 'டிஏ' (தமிழ்) ஆக்குங்கள், நடுவில் ஆங்கில வாக்கியம் வந்தால் அதற்கு மட்டும் தனியாக 'இஎன்' (ஆங்கிலம்) போடுங்கள்.

அப்புறம், கண்ணைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு 'புரிந்துகொண்டேன்' என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம். எனக்குத் தெரியாத இடத்தில் தடுமாறுவதும் என் வேலையை நான் செய்வதும் வேறு வேறு.

ராயபுரம்:

பெரம்பூர் நண்பருக்கு ஒரு திருத்தம். என்எஃப்சி இங்கே அரை வைத்தியம். தட்டச்சு வரிசையில் பெரியவர் 'கொ' அடிக்கும்போது நடுவில் ஒரு கணம் 'கெ' என்று நிற்கும். ஒற்றைக் குறியான 'கொ' அதில் ஆரம்பிக்காது, ஆகவே அந்தக் கணத்தில் பட்டியல் காலி. உங்கள் தாமதம் குறைவாக இருந்தால் 'கிடைக்கவில்லை' என்று பேசியும்விடும். என்எஃப்டி வடிவத்துக்குப் போங்கள். அதில் 'கொ' என்பது க, கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரிந்திருக்கும், 'கெ' வரை அடித்தாலே கொருக்குப்பேட்டை நிற்கும்.

இன்னொன்று, சௌகார்பேட்டையை அடித்துப் பார்த்தீர்களா? பாதிப் பேர் 'செ' போட்டு 'ள' போட்டு அடிப்பார்கள். பார்க்க ஒன்றுதான், ஆனால் அந்த ள உண்மையான ளகரம், எந்த நார்மலைஸும் அதைத் தொடாது. என்எஃப்டியில் 'சௌ' பிரிந்தால் கொம்புக்குப் பின்னால் ளகரம் போலவே தெரியும் தனிக்குறி ஒன்று மிஞ்சும். அதை ளகரமாக மாற்றிவிட்டால் இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்துவிடுவார்கள். இதெல்லாம் ஒப்பிடும் சாவிக்கு (உள்ளே தேடுவதற்கு வைக்கும் வடிவத்துக்கு) மட்டும், திரையில் காட்டும் பெயரில் கை வைக்காதீர்கள்.

தேடிய பகுதியைத் தடித்த எழுத்தில் காட்டுகிறவர்களும் கவனியுங்கள். எழுத்தின் நடுவில் வெட்டினால் புள்ளி வட்டத்தோடு கால் தனியாகத் தொங்கும். ஜாவாஸ்கிரிப்டில் உள்ள இன்ட்ல் செக்மென்டர் (Intl.Segmenter) முழு எழுத்தாகப் பிரித்துத் தரும். 2024 ஏப்ரலில் ஃபயர்பாக்ஸும் சேர்ந்துவிட்டது, இனி சாக்கு இல்லை.

எண்ணூர்:

இதையெல்லாம் செய்ய வேண்டும் என்று நான் சொன்னபோது கிளையன்ட் கேட்கவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டினேன், 'அது அரசாங்கத்துக்கு' என்றார். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், கண் இமைக்க முடியாத ஆசிட் வீச்சுப் பாதிப்பாளர்களும் பார்வையற்றோரும் கேஒய்சி செய்ய முடியாமல் தவித்த வழக்கில், டிஜிட்டல் வசதியை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தச் செய்தியை அனுப்பினேன். மறுநாள் கூட்டம் போட்டார். எப்படியோ வேலை நடந்தால் சரி.

பெரம்பூர் (ரியாக்ட்):

ராயபுரம் சொன்னது சரிதான், சௌகார்பேட்டை வரவில்லை. என்எஃப்டிக்கு மாற்றிவிட்டேன், ளகர மாற்றமும் சேர்த்தாயிற்று. புதுவண்ணாரப்பேட்டை நண்பர் சொன்ன முதல் வரியையும் திறந்து பார்த்தேன். இஎன் என்றே இருந்தது. பெரியவர் அதை என்விடிஏ அமைப்பில் தானியங்கி மொழி மாற்றத்தை அணைத்துச் சமாளித்திருக்கிறார்.

கொளத்தூர்:

இவ்வளவும் படித்தபிறகு ஒரு கேள்வி. இடங்கள் குறைவாக இருந்தால் காம்போபாக்ஸே எதற்கு? வெறும் செலக்ட் டேக் (பிரவுசரே தரும் தேர்வுப் பட்டியல்) வைத்தால் கீபோர்டு, ஸ்கிரீன் ரீடர், மொபைலின் பெரிய பட்டியல் மூன்றும் பிரவுசர் பொறுப்பு. டிசைனர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பீர்கள். குரோம் 135 முதல் செலக்டின் பட்டியலையும் சிஎஸ்எஸ்ஸால் நம் இஷ்டத்துக்கு மாற்றலாம், அது தெரியாத பிரவுசர் பழைய செலக்டையே காட்டும், எதுவும் உடையாது. நான் ஒரு பள்ளிக் கட்டணப் பக்கத்தில் வகுப்பைத் தேர்ந்தெடுக்க இப்படித்தான் வைத்தேன், ஒரு புகாரும் வரவில்லை. லாரி போகும் இடங்கள் மொத்தம் எத்தனை, பெரம்பூர்? ஐம்பதுக்குள் என்றால் முதலில் செலக்டைப் போட்டு அந்தப் பெரியவரிடம் கொடுத்துப் பாருங்கள்.