ஜிசி (கேஸ் குரோமட்டோகிராஃபி): புது காலம் (column) மாட்டியதும் எல்லா பீக்கும் தாமதம், ஆக்டனாலுக்கு வால்

கேட்டவர்:
காலம், அதாவது கலவையை வாயுவில் ஓட்டிப் பிரிக்கும் மெல்லிய குழாய்: 30 மீட்டர் நீளம், 0.25 மி.மீ. உள்விட்டம், உள்சுவரில் 0.25 மைக்ரான் ஃபிலிம் (5% ஃபீனைல் பூச்சு). பழைய காலம் ஒன்றரை வருடம் உழைத்தது. அதே பார்ட் நம்பரில் புதியது மாட்டினேன். ஹீலியம், 115 டிகிரி, பிரஷர் எதையும் தொடவில்லை. 6.20 நிமிடத்தில் வெளியே வந்த டோடிகேன் (ஒரு ஹைட்ரோகார்பன்) இப்போது 6.60. ஆக்டனால் (ஒரு ஆல்கஹால்) பீக், அதாவது வரைபடத்தில் அது காட்டும் முகடு, வேறு வால் நீட்டுகிறது. கம்பெனிக்கு ஒரு காலமும் இன்னொரு காலமும் ஒரே மாதிரி செய்ய வராதா? திருப்பி அனுப்பிவிடலாமா?

பதில் 1:
காலம் மாறினால் காலமும் மாறும்! சரி, விஷயத்துக்கு வருகிறேன். மீத்தேன் செலுத்திப் பார்த்தீர்களா? அது பூச்சில் தங்காமல் வாயுவோடே ஓடிவிடும், வாயு கடக்கும் நேரத்தைக் காட்டும். பழையதில் எவ்வளவு, புதியதில் எவ்வளவு?

கேட்டவர்:
பழையதில் 1.24 என்று நோட்டில் இருக்கிறது. புதியதில் 1.32.

பதில் 1:
அப்படியானால் டோடிகேன் பூச்சில் தங்கிய நேரம் வாயு கடக்கும் நேரத்தைப்போல் எத்தனை மடங்கு என்று கணக்குப் போடுங்கள். (6.20 − 1.24) ÷ 1.24 = 4.0. (6.60 − 1.32) ÷ 1.32, அதுவும் 4.0. ஃபிலிம் தடிமன் தப்பியிருந்தால் இந்த எண் நகர்ந்திருக்கும். கோட்டிங்கில் குறை இல்லை, வாயு கடக்கும் நேரம்தான் கூடியிருக்கிறது. பிரஷர் மாறாதபோது அந்த நேரம் நீளத்தின் வர்க்கத்தோடு ஏறும், உள்விட்டத்தின் வர்க்கத்தோடு இறங்கும். உள்விட்டம் ஓரிரு மைக்ரான் முன்னே பின்னே இருப்பது சகஜம். ஆனால் முதலில் ஒன்று சொல்லுங்கள்: பழையதை எத்தனை முறை வெட்டினீர்கள்?

கேட்டவர்:
அழுக்குப் படியும்போதெல்லாம் முன்பக்கம் ஒரு சாண். நாலைந்து தடவை இருக்கும்.

பதில் 1:
ஒரு மீட்டர் போயிருக்கும். மெஷினில் நீளத்தைத் திருத்தினீர்களா? இல்லையென்றால் புதியது தாமதமாகவில்லை, பழையதுதான் குட்டையாகி முந்திக்கொண்டு வந்திருக்கிறது. மீத்தேன் 1.24க்கு வரும்வரை பிரஷரைக் கொஞ்சம் ஏற்றுங்கள், டோடிகேன் தானாக 6.20க்கு வந்துவிடும்.

பதில் 2:
வால் வேறு கதை. டோடிகேனுக்கும் வால் உண்டா?

கேட்டவர்:
இல்லை, அது ஊசி மாதிரி நிற்கிறது.

பதில் 2:
அப்படியானால் வெட்டும் பொருத்தலும் சரி. அவை கோணலாக இருந்தால் டோடிகேனும் இழுபட்டிருக்கும். ஆல்கஹாலை மட்டும் ஏதோ பிடித்து வைக்கிறது. அன்று காலத்தோடு வேறு எதையாவது மாற்றினீர்களா?

கேட்டவர்:
லைனரும் (சாம்பிள் செலுத்தும் இடத்தில் இருக்கும் கண்ணாடிக் குழாய்) மாற்றினேன். அதற்குள் இருக்கும் கண்ணாடிப் பஞ்சு மேலே ஏறியிருந்தது, ட்வீசரால் குத்திக் கீழே தள்ளினேன்.

பதில் 2:
பிடிபட்டது. குத்தினால் பஞ்சு நொறுங்கும். உடைந்த முனைகளில் பூச்சில்லாத கண்ணாடி வெளியே தெரியும், ஆக்டனால் அதில் ஒட்டிக்கொள்ளும். பஞ்சு இல்லாத, டீஆக்டிவேட் செய்த (எதுவும் ஒட்டாதபடி பூச்சிட்ட) லைனர் போட்டுப் பாருங்கள். காலத்தைத் தொடாதீர்கள்.

கேட்டவர்:
லைனர் மாற்றினேன், வால் போய்விட்டது. மீத்தேன் 1.24, டோடிகேன் 6.21. டப்பாவில் வந்த டெஸ்ட் ரிப்போர்ட்டை இன்றுதான் பிரித்தே பார்த்தேன்; அதில் ஆக்டனால் நேராகத்தான் நிற்கிறது. திருப்பி அனுப்பும் கடிதத்தை அழித்துவிட்டேன்.