மறு: டாக்கோவுக்கு ஊற்றும் பச்சைமிளகாய் சாஸ் – தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

மடல் இழை நீண்டு எங்கெங்கோ போய்விட்டதால் கேள்வியை மறுபடி வைத்துவிடுகிறேன். புதுச்சேரியில் நண்பர் ஒருவரின் சிறிய உணவகத்தில் டாக்கோ (மெல்லிய சோள அடையை மடித்து உள்ளே கறியோ காயோ வைத்துத் தரும் மெக்சிகோ பண்டம்) போடுகிறார்கள். அடுக்களையில் வேலை செய்பவர்கள் பாகூர், வில்லியனூர், கடலூர் முதுநகர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். அதன்மேல் ஊற்றும் பச்சைமிளகாய் சாஸுக்குச் சுவரில் ஒட்டியிருக்கும் செய்முறைத் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். உள்ளே எழுதுவதில் சிக்கல் ஒன்றும் இல்லை, தலைப்பில்தான், அதாவது அந்தச் சாஸின் பெயரில்தான், நிற்கிறேன்.

டாக்கோவுக்குத் தமிழ்ச்சொல் நான் கேட்கவில்லை. ‘சோள மடிப்பு’, ‘மடியடை’ என்று வந்தவற்றை நன்றியோடு ஓரமாக வைக்கிறேன். இட்லியை ஊரெல்லாம் இட்லி என்றே கேட்டு வாங்குகிறார்கள், டாக்கோவையும் அப்படியே விட்டுவிடலாம்.

> பச்சைச் சட்னி என்று எழுதிவிட்டுப் போகவேண்டியதுதானே? இதற்கு ஏன் இத்தனை மடல்?

அண்ணே, எழுதலாம். ஆனால் அடுப்படியில் நிற்கிறவர் அதைப் படித்த உடனே கொத்தமல்லிக் கட்டையும் தேங்காய் மூடியையும் எடுப்பார், கடைசியில் கடுகு தாளித்துக் கொட்டுவார். அவர்மேல் குறை சொல்ல முடியாது, தாள் அப்படித்தானே சொன்னது? பெயரைப் படித்ததும் கை எதை நோக்கிப் போகிறது என்பதுதான் எனக்கு அளவுகோல். சட்னி தமிழ்ச்சொல்லா இந்திச்சொல்லா என்ற சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம்.

> அகராதிகளில் சாஸுக்குச் ‘சுவைச்சாறு’ இருக்கிறதே.

இருக்கிறது. ஆனால் சாறு என்றால் நம்மில் பல வீடுகளில் ரசம். ‘பச்சைமிளகாய்ச் சாறு’ என்று எழுதினால் வடிகட்டி எடுத்த காரத் தண்ணீர்தான் மனத்தில் வரும். நான் சொல்லும் பண்டம் கரண்டியைச் சாய்த்தால் சொட்டுச் சொட்டாக விழாது, மெதுவாக வழியும்.

இங்கேதான் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலப் பெயர் ஒன்றுதான், அதற்குள் இருக்கும் பண்டங்கள் மூன்று.

மெக்சிகோவில் ‘சல்சா வெர்தே’ என்பது பெரும்பாலும் டொமட்டியோ என்ற புளிப்புக் காயை வேகவைத்தோ சுட்டோ, பச்சை மிளகாய், வெங்காயம், பூண்டு, கொத்தமல்லியோடு அரைப்பது. அதற்கு மொல்காஹெத்தே என்று எரிமலைக் கல்லில் செய்த மூன்று கால் கல்வம் வைத்திருக்கிறார்கள். எண்ணெய்க்கு அதில் பெரிய வேலை இல்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கதை வேறு. அங்கே நீளமான பச்சை மிளகாயைச் சுட்டுத் தோலுரித்து நறுக்கி, பூண்டு, வெங்காயத்தோடு கொதிக்கவிட்டு, பலரும் கொஞ்சம் மாவு கரைத்துக் கெட்டியாக்கி, தட்டிலுள்ள எல்லாவற்றின் மேலும் ஊற்றுவார்கள். ‘சிவப்பா, பச்சையா?’ என்று சர்வர் கேட்பது அங்கே அவ்வளவு சகஜம். 1996-இல் அதையே மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வியாக அறிவித்துவிட்டார்கள். (மாநில மரம், மாநிலப் பறவை கேள்விப்பட்டிருக்கிறோம், மாநிலக் கேள்வி இங்கேதான்.) மூன்றாவது, டெக்சாஸில் ஆஸ்டின் பக்கத்து டாக்கோ கடைகளில் பிரபலமானது. ஹலபேனோ மிளகாய், பூண்டு, எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பார்க்கப் பாலாடை போட்டதுபோல வெளிர்பச்சையாக இருக்கும், ஆனால் பால், தயிர், வெண்ணெய்ப்பழம் எதுவும் கிடையாது. நண்பர் கடையில் செய்வது இந்த மூன்றாவது.

மூன்றுக்கும் ஒரே தமிழ்ச்சொல் தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் உதவாது. முதலாவது துவையலுக்குப் பக்கத்தில் நிற்கிறது, தாராளமாகப் ‘பச்சைத் துவையல்’ எனலாம். இரண்டாவதைக் குழம்பு என்றால் நம் ஊரில் யாருக்கும் விளங்கும். மூன்றாவதற்குத்தான் நம்மிடம் பெயர் இல்லை, ஏனென்றால் அந்தக் கைவேலை நம் அடுப்படியில் வழக்கமில்லை.

> மிளகாய், பூண்டு, எண்ணெய் என்றால் அது தொக்குதானே?

இந்தக் கேள்வியைக் கேட்ட கடலூர் அண்ணனுக்கு நன்றி, விடை இதற்குள்தான் இருக்கிறது. தொக்கு பதமாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்கிறோம்? எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மிதக்க வேண்டும். இந்தச் சாஸில் எண்ணெய் பிரிந்து நின்றால் அந்த ஜார் வீண். தொக்கில் நீரை விரட்டுகிறோம், இதில் நீரையும் எண்ணெயையும் பிரியாமல் கட்டிப்போடுகிறோம். தொக்கு என்று தாளில் எழுதினால் மாஸ்டர் நல்லெண்ணெய் ஊற்றி அரைமணி நேரம் சுருள வதக்கிவிடுவார்.

எப்படிக் கட்டிப்போடுவது? வெந்த மிளகாயின் சதையில் நீர் இருக்கிறது. மிக்ஸி வேகமாகச் சுற்றும்போது மெல்லிய தாரையாக எண்ணெயை விட்டால் அது கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைந்து அந்த நீருக்குள் பரவும். மிளகாயின் நுண்ணிய சதைத்துகள்களும் பூண்டிலுள்ள பிசுபிசுப்பும் துளிகளுக்கு இடையில் நின்று அவை மறுபடி ஒன்றுசேராமல் தடுக்கும். மயோனைசில் முட்டை மஞ்சள்கரு செய்கிற வேலை இது. லெபனான்காரர்களின் தூம் என்ற வெள்ளைச் சாஸில் பூண்டு ஒன்றே இதைச் செய்துவிடுகிறது. அத்தனை துளிகளிலும் பட்டு வெளிச்சம் சிதறுவதால்தான் கரும்பச்சை மிளகாய் வெளிர்பச்சையாகிறது. எண்ணெயை மொத்தமாகக் கொட்டினால் துளி உடையாது. மிளகாயை வடிகட்டாமல் தண்ணீரோடு போட்டாலும் நீர்த்துவிடும்.

நம் பள்ளி வேதியியல் புத்தகத்தில் இதற்குப் பெயர் இருக்கிறது: பால்மம். அருமையான சொல், ஆனால் அடுக்களைத் தாளில் ‘மிளகாய்ப் பால்மம்’ என்று எழுதினால் பால் எவ்வளவு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

அப்புறம், நம் பண்டங்களின் பெயர்களைப் பார்த்தேன். துவைத்தால் துவையல், மசித்தால் மசியல், அவித்தால் அவியல், பொரித்தால் பொரியல். செய்கிற வேலையே பெயராகிவிடுகிறது. அப்படியானால் குழைத்தால் குழையல். மருந்தைத் தேனில் குழைத்துக் கொடு என்கிறோம். இரண்டு வேறு பொருள்களைப் பிரியாதபடி ஒன்றாக்குவதற்கு நாம் ஏற்கெனவே புழங்கும் வினை இதுதான். என் பரிந்துரை: பச்சைமிளகாய்க் குழையல். நாளைக்குப் பூண்டுச் சாஸ் வந்தால் பூண்டுக் குழையல், மயோனைஸ் முட்டைக் குழையல். ஒரு வாய்ப்பாட்டில் குடும்பமே அடங்கும்.

> ‘சாதம் குழைஞ்சு போச்சு’ என்றால் திட்டு. குழையல் என்று கேட்டதும் வீணாய்ப்போனது என்று தோன்றாதா?

டீச்சர் அம்மா, இது வலுவான மறுப்பு. குழைந்தது வேறு, குழைத்தது வேறு என்று இலக்கணம் பேசித் தப்பிக்கலாம், ஆனால் காது இலக்கணம் பார்ப்பதில்லை. நான் செய்தது இதுதான்: கடையில் வேலை செய்யும் இரண்டு அக்காக்களிடம் விளக்கம் ஒன்றும் தராமல், ‘மிளகாய்க் குழையல் என்றால் எப்படி இருக்கும்?’ என்று கேட்டேன். ஒருவர் ‘மைய, வழவழன்னு’ என்றார். இன்னொருவர் ‘பப்பாளிப்பழம் மசிச்ச மாதிரியா?’ என்றார். தாளித்துக் கொட்டுவதைப் பற்றி இருவரும் பேசவில்லை. எனக்கு அது போதும்.

> பண்ருட்டி முந்திரியை ஊறவைத்துப் பத்துப் பருப்பு போட்டால் தானாகவே திக்காக வருமே.

வரும், ருசியாகவும் இருக்கும். ஆனால் முந்திரி ஒவ்வாதவர்கள் சாப்பிட வருவார்கள். அதோடு எண்ணெயைப் பதமாக விடத் தெரியாததை முந்திரி மறைத்துவிடும். வேண்டுமானால் அதற்கு முந்திரிக் குழையல் என்று தனிப் பெயர் தருகிறேன்.

முட்டை பற்றிக் கேட்ட தம்பிக்கு: இதில் முட்டை கிடையாது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் பச்சைமுட்டை மயோனைசுக்கு ஓராண்டுத் தடை போட்டார்கள். புதுச்சேரி தனி ஆட்சிப் பகுதி என்பதால் அந்த ஆணை இங்கே செல்லவில்லை, ஆனால் சாப்பிட வருகிறவர்களில் பாதிப் பேர் கடலூர், விழுப்புரத்துக்காரர்கள், கேட்கத்தான் செய்வார்கள். புட்டியின்மேல் ‘முட்டை இல்லை, பால் இல்லை’ என்று பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.

> பிரெஞ்சு வழக்கில் ‘சோஸ்’ என்று எழுதலாமே, பாண்டிக்குப் பொருத்தம்.

ஊர்ப்பெருமைக்குச் சரி. நம் வடகம் பிரெஞ்சுக்காரர் சமையலில் ‘வடூவான்’ ஆகியிருக்கிறது, பதிலுக்கு அவர்கள் சொல்லை நாம் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் பாகூர் அக்காவுக்குச் சாஸும் சோஸும் ஒன்றுதான், இரண்டுமே எப்படிச் செய்வது என்று சொல்லாது.

எண்ணெய்க்கு எங்கள் பக்கத்து மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெயைச் செக்கில் ஆட்டியதாகப் போட்டால் மல்லாட்டை வாசம்தான் முன்னால் நிற்கும். வாசமில்லாத சூரியகாந்தி எண்ணெய் நல்லது. (மணிலாக்கொட்டை என்று வந்த சொல்லைத் தேய்த்து மல்லாட்டை ஆக்கிய ஊர் இது. குழையல் பிடிக்கவில்லை என்றால் அடுக்களையே அதைத் தேய்த்து வேறாக்கிக்கொள்ளும்.)

டொமட்டியோவுக்கு ‘உறைத்தக்காளி’ என்று ஒருவர் சொன்னார். அதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். சிறுவயதில் நெற்றியில் அடித்து உடைத்து விளையாடிய சொடக்குத் தக்காளியும் அதுவும் ஒரே பேரினம், பிசாலிஸ். அதே காகிதப்பை போன்ற மேலுறை. சொல்லப்போனால் தக்காளி என்ற பெயரே முன்பு இந்தச் செடிக்குத்தான் இருந்தது, இப்போது நாம் குழம்பில் போடுவது சீமைத்தக்காளி. ஆகவே ‘மெக்சிகோ சொடக்குத் தக்காளி’. ஒரு எச்சரிக்கை: பெயர் ஒன்றுதானே என்று வேலியோரத்துக் காட்டுச் செடியின் பச்சைக் காயைப் பறித்து அரைக்க வேண்டாம், பழுத்ததைத்தான் தின்பார்கள்.

அனலில் காட்டித் தோல் கருக்குவதற்கு ‘அனல்வாட்டம்’, ‘தீக்கருக்கல்’ என்றெல்லாம் வந்தன. சிதம்பரத்தில் கொத்சுக்குக் கத்தரிக்காயைச் சுடுகிறார்கள். சுட்ட மிளகாய். முடிந்தது.

தாளில் போகப்போவது இது:

*பச்சைமிளகாய்க் குழையல். ஹலபேனோ 250 கிராம். கிடைக்காத நாளில் பஜ்ஜி மிளகாய் 250 கிராம், காரத்துக்குச் சாதாரணப் பச்சை மிளகாய் இரண்டு மூன்று. காம்பு நீக்கி, மெத்தென்று ஆகும்வரை தண்ணீரில் வேகவைக்கவும் அல்லது சுட்டுத் தோலுரிக்கவும். நன்றாக வடிகட்டி ஆறவிடவும். சூடாக மிக்ஸியில் போட்டால் ஆவி மூடியைத் தள்ளும். காரம் குறைய வேண்டுமானால் உள்ளேயிருக்கும் வெள்ளைத் தண்டை எடுத்துவிடவும், காரம் இருப்பது அதில்தான், விதையில் இல்லை. பூண்டு 4 பல், உப்பு ஒரு தேக்கரண்டி சேர்த்து மைய அரைக்கவும். மூடியின் நடுத்துளை வழியாக 100 மி.லி. எண்ணெயை நூல்போல விட்டுக்கொண்டே ஓட்டவும். நிறம் வெளுத்துக் கெட்டியானதும் நிறுத்தவும். எலுமிச்சைச் சாறு பரிமாறும்போது மட்டும், முன்பே விட்டால் புளிப்பில் பச்சை மங்கிப் பாசிநிறமாகும். எண்ணெயும் பூண்டும் சேர்ந்த பண்டம், வெளியில் வைத்தால் நஞ்சாகலாம். உடனே குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்க்கவும். காரம் தாங்காதவருக்குத் தண்ணீர் தராதீர்கள், தயிர் கொடுங்கள்.*

குழையலுக்கு முன்னால் ‘க்’ மிகுமா என்று கேட்டவருக்கு: மிகும். சீட்டு அடிக்கிறவர் அதை விட்டுவிட்டால் சண்டைக்குப் போகப்போவதில்லை.

மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்கள் காலை தாளை லேமினேட் செய்யக் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
முத்தியால்பேட்டையிலிருந்து