புதுப்பிப்பு: ஜீப்பின் ஆயில் கசிவு எங்கிருந்து என்று தெரிந்துவிட்டது

போன மாதம் எழுதியிருந்தேனே, என் பழைய டீசல் ஜீப்பில் கிளட்ச் ஹவுசிங் (இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் உள்ள கூடு) அடியில் ஆயில் சொட்டுகிறது, கியர் பாக்ஸை இறக்கிப் இன்ஜினின் பின்பக்க ஆயில் சீலை (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) மாற்றச் சொல்கிறார்கள் என்று. நல்லவேளை, இறக்கவில்லை.

இன்ஜினைக் கழுவித் துடைத்து, காய்ந்ததும் டால்கம் பவுடர் தூவி அரை மணி நேரம் ஓடவிட்டேன். ஈரக்கோடு தொடங்கியது ஹெட்டும் (இன்ஜினின் மேல்பகுதி) பிளாக்கும் (சிலிண்டர்கள் உள்ள கீழ்ப்பகுதி) சேரும் பின்மூலையில். மேலே வால்வ் கவர் ஓரம் காய்ந்தே இருந்தது. ராக்கருக்கு (வால்வுகளை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்) ஆயில் ஏறும் துளை அந்த மூலையில்தான். அங்கிருந்து வழிந்து கீழே சொட்டியிருக்கிறது.

ஆக, மாற்ற வேண்டியது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட்டை. சரி, எந்த கேஸ்கெட்? பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டைத்தான் பலரும் சொன்னீர்கள். நன்றாக உழைக்கும், ஆனால் இரண்டு முகமும் மிக வழவழப்பாக இருக்க வேண்டும். ஹெட்டைப் பட்டறையில் கொடுத்துச் சீவலாம். பிளாக்குக்கு இன்ஜினையே இறக்க வேண்டும். அதனால் அவ்வளவு வழவழப்பு கேட்காத காம்போசிட் (உலோகமும் மென்மையான பொருளும் சேர்ந்த) வகையே வாங்கினேன். தடிமனில் மட்டும் அவசரப்படாதீர்கள். பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்று டயல் கேஜில் (நுண்ணிய உயரத்தை அளக்கும் கருவி) அளந்துதான் எடுத்தேன். ஹெட் போல்ட்டுகளும் புதியவை.

600 கிலோமீட்டர் ஓடிவிட்டது. அந்த மூலை இன்னும் காய்ந்தே இருக்கிறது. பவுடர் யோசனை சொன்ன நண்பருக்கு மனமார்ந்த நன்றி.