இபிவி ஐஜிஏ பாசிட்டிவ் வந்திருக்கிறது, மூக்குத்தொண்டைப் புற்றுநோய்தானா?

ஈப்போ மருமகன்

வணக்கம். மனைவிக்கு 44 வயது, கான்டனீஸ் சீனக் குடும்பம், ஈப்போவில் இருக்கிறோம். மாமனார் மூக்குத்தொண்டைப் புற்றுநோயில்தான் போனார். கழுத்தில் கட்டி வந்த பிறகுதான் தெரிந்தது, அதற்குள் முற்றிவிட்டது. போன வாரம் மனைவி வழக்கமான ஹெல்த் செக்கப் பேக்கேஜ் எடுத்தாள். கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூட, மற்றதெல்லாம் சரி. கடைசிப் பக்கத்தில் மட்டும் ‘இபிவி விசிஏ ஐஜிஏ: பாசிட்டிவ்’, அதற்குக் கீழே ‘இஏ ஐஜிஏ: நெகட்டிவ்’ என்று போட்டிருக்கிறது. அங்கேயே கேட்டதற்கு ‘ஈஎன்டி டாக்டரைப் பாருங்க’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அப்பாவுக்கு வந்ததே எனக்கும் வந்துவிட்டது என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

இந்த விசிஏ, இஏ எல்லாம் வைரஸின் புரதங்கள் என்று படித்தேன். அப்படியென்றால் அவள் ரத்தத்தில் வைரஸ் ஓடுகிறதா? தொண்டைப் புற்றுநோய்க்கு பி16 பார்க்க வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார், அதையும் எடுக்கவா? ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள் நாங்கள், நானும் டெஸ்ட் எடுக்கணுமா?

ஆய்வகவாசி

முதலில் நிதானமாக இருங்கள். இபிவி என்பது எப்ஸ்டீன்-பார் வைரஸ். ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குத் தாடையில் வரும் பர்கிட் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயின் செல்களில் 1964இல் கண்டுபிடித்தார்கள். உலகத்தில் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இது உடம்பில் இருக்கிறது, பெரும்பாலும் உங்களுக்கும் எனக்கும் சேர்த்துத்தான். எச்சில் வழியாக வரும், ரத்தத்தில் பி செல்கள் என்ற வெள்ளணுக்களில் குடியேறும், அப்புறம் ஆயுசுக்கும் போகாது. அதனால் ஒரே தட்டைப் பற்றிய கவலையை விடுங்கள், அது எப்போதோ நடந்து முடிந்த கதை.

அந்த ரிப்போர்ட் சொல்வது வைரஸ் புரதம் ரத்தத்தில் இருக்கிறது என்று அல்ல, அந்தப் புரதத்துக்கு எதிராக உடம்பு தயாரித்த ஆன்டிபாடி இருக்கிறது என்று. ஆன்டிபாடியிலும் ஐஜிஜி என்ற வகையைப் பார்த்துப் பயனில்லை, கிட்டத்தட்ட எல்லோருக்கும் பாசிட்டிவ் வரும். ஐஜிஏ என்பது மூக்கு, தொண்டை, குடல் போன்ற இடங்களின் சளிச்சவ்வைக் காக்கிற வகை. வைரஸ் அந்தப் பக்கம் அடிக்கடி விழித்துப் பெருகினால் இது ஏறும். விசிஏ வைரஸின் வெளிக்கூட்டைக் கட்டுகிற புரதம், இஏ பெருகத் தொடங்கியதுமே வருகிற புரதம். விசிஏ ஐஜிஏ நிறையப் பேரைப் பிடிக்கும், அதில் புற்றுநோய் இல்லாதவர்களும் ஏராளம். இஏ ஐஜிஏ குறைவாகப் பிடிக்கும், ஆனால் பிடித்தால் கொஞ்சம் கனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் மனைவிக்கு முதலாவது மட்டும்தான். இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு, மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கும் ஸ்கோப்பில் ஒன்றும் இருக்காது.

பி16 வேண்டாம். அது வேறு வைரஸ், வேறு இடம். எச்பிவி என்ற பாப்பிலோமா வைரஸால் டான்சிலிலும் நாக்கின் அடியிலும் வரும் புற்றுநோய்க்குப் பார்ப்பது, அதுவும் ரத்தத்தில் அல்ல, வெட்டியெடுத்த சதையில். சொல்லப்போனால் பி16 வைரஸ் புரதமே இல்லை, நம் செல்லின் சொந்தப் புரதம். எச்பிவியின் இ7 புரதம் செல்லின் பிரேக்கான ஆர்பி புரதத்தை முடக்குவதால் பி16 குவிகிறது, அதை வைத்து வைரஸ் வேலை செய்கிறது என்று ஊகிக்கிறார்கள்.

பினாங்கு மீனா

பெரும்பாலும் ஒன்றும் இருக்காது என்று எழுதுவது சரிதான், ஆனால் அதைப் படித்துவிட்டு யாரும் ஈஎன்டிக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. என்னோடு வேலை பார்த்த ஹக்கா சீனப் பெண்ணுக்கு ஒரு பக்கக் காது மட்டும் அடைத்துக்கொண்டே இருந்தது, விமானத்தில் இறங்கும்போது அடைக்குமே அப்படி. கிளினிக்கில் சளி என்று சொட்டு மருந்து, அப்புறம் அலர்ஜி மாத்திரை, இப்படியே மாசக்கணக்கில் ஓடியது. காலையில் மூக்கை உறிஞ்சித் துப்பும்போது லேசாக ரத்தக் கோடு தெரிந்ததை அவளே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரியவர்களுக்கு ஒரு காதில் மட்டும் நீர் கோத்து நின்றால் மூக்குக்குப் பின்னால் பார்க்காமல் விடக் கூடாது என்று ஈஎன்டி டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. உங்கள் மனைவிக்குக் காதடைப்பு, ஒரு பக்க மூக்கடைப்பு, சளியில் ரத்தம், கழுத்தில் வலியில்லாத கட்டி, இரட்டைப் பார்வை, இதில் ஏதாவது உண்டா?

ஈப்போ மருமகன்

எதுவும் இல்லை. கழுத்தைத்தான் நாள் முழுக்கத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நுண்ணுயிரி

இந்தத் துறையில் கொஞ்சம் வேலை செய்தவன், அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விசிஏ ஐஜிஏ பழைய சோதனை, 1970களில் வந்தது. வைரஸ் ஆய்வாளர்களான ஹென்லே தம்பதி அதைக் காட்டிய பிறகு சீனாவின் குவாங்ஷியில் ஸெங் யி குழுவினர் ஊர் ஊராக ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தென் சீனாவில் இந்த நோய் அவ்வளவு அதிகம், உலகத்தின் பெரும்பாலான பாகங்களில் அரிது. பிறகு இபிஎன்ஏ1 சேர்ந்தது. வைரஸ் தூங்கும்போதும் தன் டிஎன்ஏவை நம் குரோமோசோமோடு ஒட்டிவைத்துக்கொள்ள உதவும் புரதம் அது, புற்றுச் செல்களிலும் இருக்கும். இந்த இரண்டின் ஐஜிஏவையும் சேர்த்துப் பார்ப்பதுதான் இப்போது தென் சீனாவில் வழக்கமான முறை.

2023இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இதே வைரஸின் பிஎன்எல்எஃப்2பி என்ற, அதிகம் யாரும் கண்டுகொள்ளாத சின்னப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைத் தென் சீனாவில் 24,852 பேரிடம் சோதித்தார்கள். அவர்களில் 47 பேருக்குப் புற்றுநோய் தெரியவந்தது. புதிய சோதனை பிடித்தது 97.9 சதவீதம், பழைய இரட்டைச் சோதனை 72.3 சதவீதம். அதாவது 47இல் 46, 47இல் 34. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் இதே ஆய்வில் புதிய சோதனையில் பாசிட்டிவ் வந்தவர்களில் நிஜமாகப் புற்றுநோய் இருந்தது பத்தில் ஒருவருக்குத்தான், பழையதில் நூற்றுக்கு நான்கு பேர் சொச்சம். சோதனை மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. நோய் அதிகமுள்ள ஊரிலும் ஆயிரத்தில் ஓரிருவருக்குத்தான் இது இருக்கும், மீதிப் பேரில் சிறு விழுக்காடு தவறாகப் பாசிட்டிவ் ஆனாலும் அந்தக் கூட்டம் நிஜ நோயாளிகளை மூழ்கடித்துவிடும். உங்கள் மனைவிக்கு வந்தது தனி விசிஏ, இஏ துணை இல்லாமல். ஆனால் அப்பாவுக்கு இருந்ததால் அவர்கள் பொதுமக்கள் கணக்கில் வரமாட்டார்கள். பெற்றோர், உடன்பிறந்தோருக்கு இருந்தால் ஆபத்து பல மடங்கு. அதனால் மீனா சொல்வதுதான் சரி, ஸ்கோப் பார்த்தே ஆக வேண்டும்.

ஈஎன்டியிடம் பிளாஸ்மா இபிவி டிஎன்ஏ பற்றிக் கேளுங்கள். இது புரதம் அல்ல, செத்த புற்றுச் செல்களிலிருந்து ரத்தத்தில் கலக்கும் வைரஸ் டிஎன்ஏ துண்டுகளைத் தேடுவது. ஹாங்காங்கில் டென்னிஸ் லோவின் குழு 20,174 ஆண்களிடம் பார்த்து 2017இல் வெளியிட்டது. முதல் தடவை பாசிட்டிவ் 1,112 பேர். சில வாரம் கழித்துத் திரும்ப எடுத்தபோது அதில் 309 பேருக்குத்தான் நீடித்தது. கடைசியில் புற்றுநோய் 34 பேருக்கு, அவர்களில் 71 சதவீதம் முதல் இரண்டு கட்டத்திலேயே. வழக்கமாக இது 20 சதவீதம்தான். முதல் கட்டத்தில் பிடித்தால் கதிர்வீச்சிலேயே பெரும்பாலோர் குணமாகிவிடுவார்கள்.

ஆய்வகவாசி

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூட்டத்தோடு கூட்டமாக இதைப் பேக்கேஜில் போட்டு, அறிகுறியும் குடும்ப வரலாறும் இல்லாத தமிழர்களுக்கும் எடுப்பது வெறும் வியாபாரம். மலேசியாவில் இது சீனர்களிடமும் சரவாக்கின் பிடாயுக்களிடமும்தான் அதிகம், நம்மவர்களிடம் குறைவு. மருமகன் சார், நீங்கள் எடுக்க வேண்டாம், அந்தக் காசுக்கு மனைவியை நல்ல இடத்தில் சாப்பிடக் கூட்டிப்போங்கள்.

கருவாட்டுப் பிரியன்

உப்பு மீன் சாப்பிட்டால் இது வரும் என்கிறார்களே, அப்ப நம்ம கருவாடு?

நுண்ணுயிரி

உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ‘புற்றுநோய் உண்டாக்குவது உறுதி’ என்ற முதல் பட்டியலில் வைத்திருப்பது சீன முறை உப்பு மீனை, அதிலும் சின்னக் குழந்தையிலிருந்தே ஊட்டுவதுதான் வம்பு. மற்ற உப்பு மீன்கள் ‘முடிவு சொல்ல ஆதாரம் போதாது’ என்ற பட்டியலில் இருக்கின்றன. ரத்த அழுத்தம் இருந்தால் கருவாட்டைக் குறையுங்கள், அதற்கு இந்த வைரஸ் தேவையில்லை.

ஈப்போ மருமகன்

எல்லோருக்கும் நன்றி. மனைவியிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன், பாசிட்டிவ் வந்தாலும் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது என்ற கணக்கைக் கேட்டதும் கொஞ்சம் தெளிந்தாள். வெள்ளிக்கிழமை ஈஎன்டி அப்பாயிண்ட்மென்ட். ஸ்கோப்பில் ஒன்றும் இல்லை என்றால் அதோடு முடிந்ததா?

நுண்ணுயிரி

முடிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டி பெரும்பாலும் மூக்குக்குப் பின்னால் ரோசன்முல்லர் பள்ளம் என்கிற மூலையில்தான் தொடங்கும். சவ்வுக்கு அடியில் இருந்தால் ஸ்கோப்பில் தெரியாமலும் போகும், எம்ஆர்ஐயில் தெரிந்துவிடும். எம்ஆர்ஐ தேவையா என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். பயாப்சி எடுத்தால் இபர் சோதனை செய்வார்கள், அது புரதத்தைத் தேடாது, வைரஸின் ஆர்என்ஏவைத் தேடும். எல்எம்பி1 என்ற வைரஸ் புரதம் எல்லாக் கட்டியிலும் சாயம் ஏறுவதில்லை, இபர் அநேகமாக ஏமாற்றாது.

ஆய்வகவாசி

ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்ற வார்த்தை மட்டும் இருந்தால் எண்ணும் கட்-ஆஃப் அளவும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை எடுப்பதையும் அதே ஆய்வகத்தில் எடுங்கள், கிட் மாறினால் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியாது. அப்புறம், மாமனாரின் பழைய பயாப்சி ரிப்போர்ட் வீட்டில் எங்காவது இருந்தால் வெள்ளிக்கிழமை கையோடு கொண்டுபோங்கள். மைத்துனர்கள் யாராவது இருந்தால் அவர்களையும் காட்டச் சொல்லுங்கள், இந்த நோய் ஆண்களுக்குத்தான் இரண்டு மூன்று மடங்கு அதிகம்.