முதல் கீமோ: யாரும் சொல்லாதவை

கும்பகோணத்திலிருந்து:

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் கீமோ சிகிச்சை என்றதும் ஊரே வாந்தியையும் மொட்டைத் தலையையும் பற்றித்தான் பேசுகிறது. வாந்தி எனக்கும் வந்தது. ஆனால் முன்கூட்டியே போட்ட ஊசியும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மாத்திரைகளும் அதைப் பெரும்பாலும் அடக்கிவிட்டன. யாரும் வாய் திறக்காத விஷயம் காய்ச்சல்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு மார்பகப் புற்றுநோய். கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்த பயாப்சி முடிவில் ஈஆர், பிஆர் (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 என்று மூன்று வரிகள் இருந்தன. கட்டி ஹார்மோனால் வளர்கிறதா, ஹெர்-2 புரதம் அதில் மிகுந்திருக்கிறதா என்பதையும் பார்த்துத்தான் மருந்தை முடிவு செய்கிறார்கள் என்று டாக்டர் அம்மா விளக்கினார். "எங்கள் தெரு அக்காவுக்கு மாத்திரையிலேயே சரியாகிவிட்டது, உனக்கு மட்டும் ஏன் ஊசி?" என்று கேட்ட உறவுக்காரர்களை அந்த மூன்று வரிகளை வைத்தே சமாளித்தேன்.

எனக்கு முதலில் ஏற்றியது டாக்ஸோரூபிசின். இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் முன்னதாகவே எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். ரோஸ்மில்க் எசன்ஸ் போன்ற சிவப்பு. நர்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து, பெரிய சிரிஞ்சிலிருந்து மெதுவாகச் செலுத்தியபடி, "எரிகிறதா அம்மா? எரிந்தால் உடனே சொல்லுங்கள், பொறுத்துக்கொள்ளாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடுமாம். பொறுத்துக்கொள்வதற்கென்றே வளர்க்கப்பட்ட நமக்கு இதை ஒருவர் சொல்லித்தான் தர வேண்டியிருக்கிறது! சிறுநீர் சிவப்பாகப் போகும் என்றும் அவரே சொல்லிவைத்ததால் அன்றிரவு அலறாமல் தப்பித்தேன்.

இப்போது காய்ச்சல். ஊசி போட்ட ஒன்றிரண்டு வாரத்தில் கிருமியை எதிர்க்கும் ரத்த வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்குகின்றன. அந்தச் சமயத்தில் ஒரு நாள் இரவு உடம்பு சுட்டது. "ஒரு பாராசிட்டமால் போட்டுப் படுங்கள் அண்ணி, காலையில் பார்க்கலாம்" என்றாள் நாத்தனார். மருத்துவமனைத் தாளில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நேரம் பார்க்காமல் வரவும் என்று அச்சிட்டிருந்தது. மாத்திரை காய்ச்சலை மறைக்குமே தவிர கிருமியை ஒன்றும் செய்யாது. போனோம், ரத்தம் எடுத்தார்கள், உடனே நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். விடியும்வரை காத்திருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்றார் பணியிலிருந்த டாக்டர். ஆகவே தெர்மாமீட்டர் வாங்கிவிட்டு மற்ற எதையும் வாங்குங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து, மனைவிக்குத் துணையாக இருப்பவர்:

பணம் பற்றியும் பேச வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவமனையில் அதற்கான பிரிவில் அட்டையைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். சென்னைக்கு ரயிலில் போய்வருகிறவர்கள் மருத்துவமனையில் சலுகைச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள்: ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, உடன் செல்பவர் ஒருவருக்கு 75 சதவீதம்.

இன்னொன்று, தாளிக்கும் வாசனை. கடுகு வெடித்தாலே அவளுக்குக் குமட்டியது. ஊசி போட்ட வாரத்தில் எங்கள் வீட்டில் இட்லியும் ஆறிய ரசஞ்சாதமும்தான். அந்த ரசமும் தாளிக்காத ரசம், நான் வைத்தது. குறை சொல்ல அவளுக்குத் தெம்பில்லாததால் தப்பித்தேன்.

மதுரையிலிருந்து, சிகிச்சை முடித்தவர்:

முடி உதிர ஆரம்பித்ததும் என் தங்கையைக் கூப்பிட்டு மழித்துவிடச் சொன்னேன். தலையணையில் கற்றை கற்றையாகப் பொறுக்குவதைவிட அது எவ்வளவோ மேல். வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான நீரில் கொப்பளித்தேன்; காரத்தைச் சிறிது காலம் மறந்தேன்.

பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து தொடங்கிய பிறகு விரல் நுனிகள் மரத்துப்போய் ஜாக்கெட் ஊக்கு மாட்டவே தடுமாறினேன். "இதையெல்லாமா டாக்டரிடம் சொல்வது?" என்றார் என் அம்மா. சொன்னேன், மருந்தின் அளவைக் குறைத்தார்கள்.

யாராவது அன்போடு கொண்டுவரும் சூரணம், லேகியம் எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். கீமோ மருந்தோடு எது மோதும் என்று கொண்டுவருகிறவருக்குத் தெரியாது. வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிடுங்கள், போதும்.