எக்ஸிட் ஸ்டேட்டஸ்: 'திருப்பு மதிப்பு' வேண்டாம், 'முடிவெண்' போதும்

> கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கான ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) குறிப்பில், நிரல் முடியும்போது வெற்றியா தோல்வியா என்று விட்டுப்போகும் எண்ணான எக்ஸிட் ஸ்டேட்டஸுக்குத் 'திருப்பு மதிப்பு' என்றே போட்டுவிடலாமா?

வேண்டாம் அண்ணா. அது ரிட்டர்ன் வேல்யூவுக்கு உரிய சொல். பைத்தான் ஃபங்ஷன் சரம், பட்டியல் என்று எதையும் திருப்பித் தரும். ஷெல்லில் ஓடும் நிரல் விட்டுப்போவது 0 முதல் 255 வரை ஓர் எண் மட்டுமே; 0 என்றால் வெற்றி. எட்டு பிட்தான் இடம். 256 கொடுத்து வெளியேறினால் அது 0 ஆகி, தோல்வி வெற்றியாகத் தெரியும்.

'திருப்பு மதிப்பு' என்று படித்த பிள்ளை, கட்டளையை $( ) உள்ளே வைத்து மாறியில் பிடித்துவிட்டு அதில் 0 இருக்கிறதா என்று தேடும். அங்கே வருவது நிரல் அச்சிட்ட வெளியீடு. எண் இருப்பது $? என்பதில். அதையும் உடனே வேறொரு மாறியில் எடுத்து வைக்க வேண்டும்; நடுவில் ஓர் எக்கோ (அச்சிடும் கட்டளை) வந்தாலே போதும், எக்கோவின் 0 அங்கே வந்து உட்கார்ந்துவிடும். இன்னொரு கண்ணி: ஃபங்ஷனுக்குள் லோக்கல் (அதற்குள் மட்டும் வாழும் மாறி) அறிவிப்பையும் $( ) பிடிப்பையும் ஒரே வரியில் எழுதினால், உள்ளே ஓடிய நிரல் தோற்றாலும் $? லோக்கலின் 0-ஐயே காட்டும். அறிவிப்பு ஒரு வரி, பிடிப்பு அடுத்த வரி.

'வெளியேறு நிலை'யும் எனக்கு ஒப்பவில்லை. வெளியீடு, வெளியேறு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் கண் சறுக்கும். (மலையாளக் கணக்கில் எக்ஸின் மதிப்பை 'விலை' என்பார்கள். 'முடிவு விலை' என்று யாரும் திருத்தி அனுப்பாமல் இருக்க வேண்டும்!) முடிவெண் என்றால் நிரல் முடிந்ததும் அது எண் என்பதும் சொல்லிலேயே இருக்கிறது.

> 'பிழையெண்' இன்னும் தெளிவில்லையா?

கோப்பில் சொல்லைத் தேடும் கிரெப் 1 தந்தால் பிழையே இல்லை, தேடியது கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பிழைக்கு அது 2 தரும். கோப்புகளை ஒப்பிடும் டிஃப்பும் அப்படியே: 1 என்றால் கோப்புகள் வேறுபடுகின்றன. 127 கட்டளையே கிடைக்காதபோது. 137 என்றால் 128 + 9, அதாவது நிரலை வலுவில் நிறுத்தும் 9-ஆம் எண் கில் சிக்னலில் செத்தது. இத்தனைக்கும் 'பிழை' பொருந்தாது.

> சரி தம்பி, ஷெல் ஃபங்ஷனிலும் ரிட்டர்ன் இருக்கிறதே? அங்கே 'திருப்பு மதிப்பு' வந்துதானே ஆக வேண்டும்?

அதுவும் 0–255 எண்ணைத்தான் $? இல் விடுகிறது அண்ணா. ஆங்கிலப் பெயர் ரிட்டர்ன், வேலை முடிவெண் வேலை. சரத்தைத் தர வேண்டுமானால் ஃபங்ஷன் அதை அச்சிட வேண்டும், அழைப்பவர் $( ) கொண்டு பிடிக்க வேண்டும்.